இத்தாலி வண்டியின் முன் பிரேக்

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. கரும்பு ஜூஸ் மிஷினுக்கு ரோலர், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உடைக்கிற மிஷினுக்கு ஷாஃப்ட், போர் மோட்டாருக்கு புஷ், டிராக்டர் டிராலியை மாட்டுகிற இரும்புப் பின் என்று வேலை வரும். பொம்பளை லேத் ஓட்டுகிறாள் என்று ஆரம்பத்தில் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனவர்களே பிறகு வேலை கொண்டு வந்தார்கள். மூன்று வருஷமாக மோட்டார் பைக் வேலையை மட்டும் யாரும் கொண்டு வருவதில்லை. ஒரு இத்தாலி வண்டிதான் அதற்குக் காரணம்.

அந்த வண்டியை விழுப்புரத்துக்குக் கொண்டு வந்தவன் என் பாலிடெக்னிக் சிநேகிதன். மெக்கானிக்கல் பிரிவில் எங்கள் வகுப்பில் மூன்றே பெண்கள். மற்ற இரண்டு பேரும் படிப்பு முடிந்ததும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். ஒர்க்‌ஷாப் வகுப்பில் என் பக்கத்து வைஸில் அவன்தான் நிற்பான். இரும்பை அரம் போட்டு ராவுவதில் அவனுக்குப் பொறுமை கிடையாது, என் பீஸைக் காட்டி மார்க் வாங்குவான். அதற்குப் பதிலாக என் மொபெட்டைச் சும்மா சரி பண்ணித் தருவான். பிறகு நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, பழைய லேத் ஒன்றும் மில்லிங் மிஷின் ஒன்றும் வாங்கித் திண்டிவனத்தில் உட்கார்ந்தேன். அவன் விழுப்புரத்தில் பாண்டி ரோட்டில் பைக் ஒர்க்‌ஷாப் போட்டான். கூடவே அவன் தம்பி. தம்பிக்கு அப்போது இருபத்தாறு வயசு. நல்ல ஓட்டுக்காரன். எந்த வண்டி ரிப்பேர் முடிந்தாலும் அவன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, எங்கே சத்தம் வருகிறது, எது இழுக்கிறது என்று சொல்லுவான். அவன் சொன்னால் சரியாக இருக்கும்.

பாண்டிச்சேரி பக்கம் குயிலாப்பாளையத்தில் நாற்பது வருஷமாகக் குடியிருந்த ஒரு ஐரோப்பியரின் மொபெட்டைச் சிநேகிதன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்கு உடம்பு முடியாமல் மகள் வந்து ஊருக்கு அழைத்துப் போகும்போது, வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையில் தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்திருந்த ஒரு பைக்கையும், அதன் பேப்பர்களையும் இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். எழுபதுகளில் இத்தாலியில் செய்த ரேஸ் ஜாதி வண்டி. அந்தக் காலத்தில் கப்பலில் வந்தது. கடல் காற்று பட்டு ஸ்போக்கெல்லாம் தொட்டால் உதிர்ந்தது. டாங்கின் அடியில் கை போகிற அளவுக்கு ஓட்டை. ஆனால் இஞ்சினுக்குள் எண்ணெய் இருந்தது. அதைத் திறந்து பார்த்த அன்று அவன் எனக்குப் போன் பண்ணினான்.

"உடனே கெளம்பி வா. ஒண்ணு காட்டணும்."

போய்ப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலுமாகச் சாய்ந்து நிற்கும் இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் ஒரு குழாய் ஏறுகிறது. அந்தக் குழாய்க்குள் ஒரு தண்டு, தண்டின் இரண்டு முனையிலும் பல் சக்கரம். செயின் கிடையாது, பெல்ட் கிடையாது, பல்லோடு பல் கடித்து வால்வைத் திறந்து மூடுகிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய வேலை. பல்லின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் கூடத் தேய்மானம் தட்டுப்படவில்லை.

"பழைய மாதிரியே பண்ணி ஷோவுல நிறுத்தறதுக்கு இல்ல," என்றான் அவன். "இன்னிக்குப் பொறந்திருந்தா இது எப்படி இருக்கும்? அந்த மாதிரி பண்ணணும். இஞ்சின் அப்படியே இருக்கட்டும். டாங்க் ஷேப் அப்படியே இருக்கட்டும். பிரேக்கு, ஃபோர்க்கு, கரெண்டு எல்லாம் இப்ப உள்ளது. நீ வந்தா முடியும். நீ இல்லன்னா நான் தொடமாட்டேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. பழைய சேஸிஸில் புது ஃபோர்க் தானாகப் போய் உட்காராது. ஒவ்வொரு இடத்திலும் அதற்கென்று ஒரு பாகம் செய்ய வேண்டும். அந்தப் பாகம் எந்தக் கடையிலும் கிடையாது. அளவெடுத்து, வரைந்து, கடைந்துதான் ஆக வேண்டும்.

இரண்டரை வருஷம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து விழுப்புரம் போவேன். அளவெடுத்துக்கொண்டு வந்து வாரத்தில் நேரம் கிடைக்கும்போது வரைந்து கடைவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் மாட்டிப் பார்ப்போம். சென்னைப் புதுப்பேட்டையில் இடிபட்ட ஒரு வெளிநாட்டு பைக்கின் முன் ஃபோர்க் கிடைத்தது. பிரேக்குக்கு, சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற நான்கு பிஸ்டன் காலிப்பர் இரண்டு கிடைத்தன. சக்கரத்துக்கு ஸ்போக்கே இருக்கட்டும், அப்போதுதான் அந்த வண்டியின் முகம் மாறாது என்று அவன் அடம் பிடித்தான். சரி என்றேன். ஆக்ஸில், ஸ்பேசர், ஹேண்டில் பாரைப் பிடிக்கிற கிளாம்ப், கால் வைக்கிற பெக், இக்னிஷன் தட்டு. எல்லாம் சேர்த்து நாற்பத்தொரு பீஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் படம். அதன் ஓரத்தில் எந்த உலோகம், எத்தனை மில்லி கனம், எங்கே கை வைக்கக் கூடாது என்று எழுதி வைப்பேன்.

என் வீட்டுக்காரர் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். "வாரத்துல ஒரு நாள்தான் லீவு, அதையும் இரும்புக்கே கொடுக்கிற" என்பார். அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்திருந்தன. கரும்பு ரோலர் கடைந்து கடைந்து கை மரத்துப்போன ஒருத்திக்கு, ஒரு மில்லியில் நூறில் இரண்டு பங்கு பிசகினால் உட்காராத ஒரு வேலை கிடைத்தது. கம்பெனியில் இருந்த காலத்தில்கூட எனக்கு அப்படி ஒரு வேலை கிடைத்ததில்லை.

முதல் முறையாக ஸ்டார்ட் ஆன நாள் ஒரு ஞாயிறு மத்தியானம். தம்பிதான் உதைத்தான். நாலாவது உதையில் பிடித்தது. இரண்டு சிலிண்டரும் மாறி மாறி அடிக்கிற சத்தம், ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. பக்கத்து டயர் கடைக்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள். என் சிநேகிதன் எல்லோருக்கும் டீ சொன்னான். "பாதி வண்டி இவளுது" என்று என்னைக் காட்டி டயர் கடைக்காரரிடம் சொன்னான். "இவ இல்லன்னா இது இன்னும் கொட்டாயிலதான் கெடக்கும்."

நான்கு பிஸ்டன் காலிப்பர் என்றேன் அல்லவா, அதை ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு பிராக்கெட் வேண்டும். உள்ளங்கை அகலம். முன் பிரேக்கைப் பிடிக்கும்போது வண்டியின் மொத்த வேகமும் அந்த உள்ளங்கை அகலத்தில்தான் வந்து நிற்கும். அதற்காகவே நல்ல கெட்டி அலுமினியம் வாங்கினேன். பன்னிரண்டு மில்லி கனம். இடது வலது இரண்டும் மில்லிங்கில் வெட்டி, மூலையெல்லாம் உருட்டி, துளி கீறல்கூட இல்லாமல் தேய்த்துக் கொடுத்தேன். படத்தின் ஓரத்தில், இதில் வேறு துளை போடக் கூடாது, கனம் குறைக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதினேன். மற்ற முப்பத்தொன்பதில் எதிலும் சிவப்பு மை போடவில்லை. கொடுக்கும்போது வாயாலும் சொன்னேன்.

"ரொம்ப மொத்தமா இருக்குதே," என்றான்.

"மொத்தமாத்தான் இருக்கும். ஆளு உயிரு அதுல தொங்குது."

"சரி சரி," என்று சிரித்தான்.

வண்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, பழைய வட்ட விளக்கின் கண்ணாடிக்குள் புது எல்.இ.டி. வைத்து, எல்லாம் முடிந்தது. பைக்குகளைப் பற்றி வீடியோ எடுத்துப் போடுகிற ஒரு இளைஞர் சென்னையிலிருந்து கேமரா ஆளோடு வருவதாகப் போன் வந்தது. கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் போகிற ரோட்டில், மலை பின்னால் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும் என்றார்கள். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். என்னையும் பேச வைக்கப் போவதாகச் சிநேகிதன் சொன்னான். பெண் மெக்கானிக் என்றால் நிறையப் பேர் பார்ப்பார்களாம்.

நான் புதுச் சுடிதார் தைத்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் அன்று நடந்ததில் அந்தச் சுடிதாருக்கும் பங்கு உண்டு.

கூட்டேரிப்பட்டு முனையில் டீக்கடை ஓரம் வண்டியை மினி லாரியிலிருந்து இறக்கினார்கள். கேமரா ஆள் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். நான் முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பிராக்கெட் என்னுடையதுதான், ஆனால் நான் கொடுத்த மாதிரி இல்லை. இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் வரிசையாக ஐந்து துளை. பின்பக்கம் கிரைண்டர் போட்டுக் கனத்தை இறக்கியிருந்தது. பன்னிரண்டு மில்லி இருந்த இடத்தில் ஏழோ எட்டோ இருக்கும். துளையின் உள்விளிம்பில் விரலை வைத்தேன். டிரில் போட்ட தடம் அப்படியே சொரசொரவென்று இருந்தது. அந்த மாதிரித் தடத்திலிருந்துதான் வெடிப்பு கிளம்பும். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷத்தில் இதைப் படித்தோம், அவனும் படித்தான்.

எழுந்துபோய் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"ரேஸ் வண்டில எல்லாம் அப்படித்தான் ஓட்டை இருக்கும். வெயிட்டும் கொறையும், கேமராவுல பாக்கறதுக்கும் சூப்பரா இருக்குது. நீ கொடுத்தது செங்கல்லு மாதிரி இருந்துது."

"கழட்டு. நான் ரெண்டு நாள்ல வேற போட்டுத் தர்றேன்."

"இவங்க மெட்ராஸ்லருந்து வந்திருக்காங்கம்மா. ரெண்டு நாளா இங்க இருப்பாங்க? மெதுவாத்தான் ஓட்டப் போறான். நாலு தபா போய் வருவான், அவ்ளோதான். அப்புறம் நீ இன்னா வேணா மாத்திக்கோ."

இந்த இடத்தில் நான் தம்பியிடம் போய், இந்த வண்டியை ஓட்டாதே என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் பத்தடி தூரத்தில் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். பத்தடி நடப்பதற்கு எனக்கு என்ன கஷ்டம். அந்த நேரத்தில் வீடியோ எடுக்கிற இளைஞர் மைக்கோடு வந்து, "மேடம், வண்டி ரன்னிங் ஷாட் முடிஞ்சதும் உங்க பேட்டி" என்று என் துப்பட்டாவில் மைக்கைக் குத்தினார். நான் தலையை ஆட்டினேன். பிரச்சினை பண்ணினால் இவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள், பேட்டி இல்லாமல் போய்விடும் என்று எனக்குள் ஒன்று சொன்னது. மெதுவாகத்தானே ஓட்டப்போகிறான் என்று அவன் சொன்னதையே நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

தம்பி மூன்று முறை போய் வந்தான். நன்றாகத்தான் இருந்தது. நாலாவது முறை கொஞ்சம் வேகமாக வரச் சொல்லிக் கேமராக்காரர் கையைக் காட்டினார். அவன் வந்தான். பக்கத்து வயல் வழியிலிருந்து ஒரு டிராக்டர் ரோட்டில் ஏறியது. ஏறியவர் மேல் தப்பில்லை, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் ஏறினார். வண்டி இருந்த தூரத்துக்குப் பிரேக் பிடித்தால் தாராளமாக நிற்கலாம். அவனும் பிடித்தான். முன் பக்கம் அமுங்கியது. படக்கென்று ஒரு சத்தம். பிராக்கெட் முறிந்து கழன்ற காலிப்பர் சுழன்று ஸ்போக்குக்குள் போனது. சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு எழும்பி அவனைத் தூக்கி எறிந்து, அவன் காலின் மேலேயே விழுந்தது.

டிராக்டர்காரரும் டீக்கடையில் இருந்தவர்களும்தான் வண்டியைத் தூக்கினார்கள். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கத்தவில்லை. "வண்டிக்கு இன்னாச்சிக்கா" என்று மட்டும் கேட்டான்.

முதலில் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி, பிறகு பாண்டிச்சேரி. காலைக் காப்பாற்றிவிட்டார்கள். உள்ளே கம்பி வைத்து மூன்று ஆபரேஷன். முட்டி மடங்கவில்லை. இனி மடங்காது என்றார்கள். அவன் வலது கால் ஒரு கட்டை மாதிரி நேராகவே நிற்கும். பைக் ஓட்டுகிறவனுக்கு அதோடு முடிந்தது.

நாலாம் நாள் நான் பாண்டிச்சேரிக்குப் பார்க்கப் போனேன். வார்டு வாசலில் அவர்கள் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு போட்டவர்கள்.

"உன் மிஷின்ல பண்ண சாமான்தான் ஒடைஞ்சிதாமே," என்றார்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "தெரியாத வேலைய எதுக்கும்மா எடுத்துக்கற?"

நான் உள்ளே போகவில்லை. படியிறங்கி வந்து ரோட்டில் நின்று சிநேகிதனுக்குப் போன் பண்ணினேன். அவன் கீழே மருந்துக் கடையில்தான் இருந்தான். வந்தான். சவரம் பண்ணாமல், கண்ணெல்லாம் சிவந்து, பார்க்கவே வேறு ஆளாக இருந்தான்.

"அம்மாகிட்ட இன்னா சொல்லி வெச்சிருக்க?"

அவன் கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தான். பிறகு சொன்னான். "உன் வேலையில தப்பில்ல. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான்தான் என் தம்பி கால ஒடைச்சேன்னு எங்கம்மாகிட்ட எப்படிச் சொல்லச் சொல்ற? அது தாங்காது."

"அதுக்கு என் தலைமேல போட்டுட்டியா?"

"ஒரு ஆறு மாசம் பொறுத்துக்க. அவன் எழுந்து நடக்கட்டும். நானே சொல்றேன். உனக்கு கரும்பு மிஷின் இருக்குது, டிராக்டர் இருக்குது. எனக்கு இந்த ஒர்க்‌ஷாப்ப விட்டா இன்னா இருக்குது?"

அவன் அழுதான். எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், நான் சரி என்று தலையாட்டியது இரக்கத்தால் மட்டும் இல்லை. ஓட்டையைப் பார்த்தேன் என்று நான் வாயைத் திறந்தால், பார்த்துவிட்டு ஏன் சும்மா இருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி எனக்கு வேண்டாமாக இருந்தது. அவன் பொய் எனக்கும் ஒரு விதத்தில் தோதாக இருந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் நேராக அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். "நீ ஏன் அந்தப் பையன்கிட்ட சொல்லல?" நான் சமையல்கட்டுக்குள் போனேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

ஆறு மாசம் என்றான். ஊருக்கு ஆறு வாரம் போதுமானதாக இருந்தது. விழுப்புரம் பைக் மெக்கானிக்குகள் வாட்ஸ்ஆப் குரூப்பில் உடைந்த பிராக்கெட்டின் படம் சுற்றியது. உடைந்த முனை மட்டும் தெரிகிற மாதிரி, துளை எதுவும் தெரியாத கோணத்தில் எடுத்த படம். லோக்கல் லேத்தில் உயிர் சம்பந்தப்பட்ட பாகங்களைச் செய்யாதீர்கள் என்று கீழே எழுதியிருந்தது. அனுப்பியது யார் என்று தெரியவில்லை, ஆனால் அந்த உடைந்த துண்டு யாரிடம் இருந்தது என்று எனக்குத் தெரியும். மாசத்துக்கு இருபது முப்பது பைக் வேலை வந்துகொண்டிருந்தது, நின்றே போனது. வல்லத்திலிருந்து டிராலி பின்னுக்கு வருகிற விவசாயி ஒருத்தர், பீஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் ஆகாதுல்லம்மா" என்று கேட்டார். எட்டு வருஷமாக என்னிடம் வாங்குகிறவர். அதற்கு முன்னால் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு நாள் நேரே அவன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். உடைந்த துண்டைக் கொடு என்று கேட்டேன். எங்கே போட்டேனோ தெரியவில்லை, பழைய இரும்போடு போயிருக்கும் என்றான். பின்னால் அந்தச் சிவப்பு வண்டி முன் சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டில் நின்றது. அவன் அதன் முன்னால் வந்து நின்று மறைத்துக்கொண்டான். டயர் கடைக்காரர்கள் இந்த முறை எழுந்து வரவில்லை.

அன்று எடுத்ததைச் சென்னைக்காரர்கள் வெளியே விடவே இல்லை; ஒன்றரை வருஷம் கழித்து இன்னொரு வீடியோ வந்தது. வேறொரு ஆள் எடுத்தது. என் வீட்டுக்காரர்தான் கடையில் பார்த்துவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதே சிவப்பு வண்டி. அதே மயிலம் ரோடு. ஓட்டுகிறவர் மட்டும் வேறு யாரோ. அவன் கறுப்பு பனியன் போட்டுக்கொண்டு வண்டிமேல் சாய்ந்து நின்று பேசினான். முதலில் செய்தபோது உள்ளூர் லேத் வேலையை நம்பினேன், அதற்கு எங்கள் குடும்பமே விலை கொடுத்தது, அந்த வலியிலிருந்துதான் இந்த இரண்டாவது வண்டி பிறந்தது என்றான். இப்போது எல்லாப் பாகமும் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தது என்றான். அந்த இடத்தில் சோகமாக ஒரு இசை போட்டிருந்தார்கள்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வண்டியைச் சுற்றிக் காட்டுகிற இடத்தில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். என் ஆக்ஸில். என் ஹேண்டில் கிளாம்ப். கால் பெக்கில் வழுக்காமல் இருக்க நான் போட்ட குறுக்கு வரி, அதில் ஒரு வரி மட்டும் கொஞ்சம் ஆழம் கூடிப்போனது, அந்த வரி. இரண்டு பிராக்கெட் மட்டும் புதுசு, கறுப்பு நிறம், ஏதோ கம்பெனி பெயர் பொறித்தது. அதில் ஒரு துளைகூட இல்லை. என்னுடையதைவிட மொத்தமாக இருந்தது. மீதி முப்பத்தொன்பதும் என்னுடையவை.

போன் பண்ணினேன். எடுக்கவில்லை. மூன்று நாள் பண்ணினேன். நாலாம் நாள் என் நம்பரையே தடுத்துவிட்டான் போல, மணியே அடிக்கவில்லை.

பட்டறையில் உட்கார்ந்து கோபப்பட்டுக்கொண்டே இருந்தேன். கோபத்தில் வெட்டிய இரண்டு ஷாஃப்ட் அளவு தவறிப் போனது. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். என் சிநேகிதனை மன்னிக்க முடியவில்லை என்று ஆரம்பித்தேன். சாமியார் இளவயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார். எல்லாம் சொல்லி முடித்ததும், "ஓட்டினவர்கிட்ட நீங்க இதைச் சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். "உங்க சிநேகிதரை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல அதைச் செய்யுங்க" என்றார். எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. தம்பியைத் தேடி அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் தம்பியே வந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வந்து, பட்டறை வாசலில் நிறுத்தி, ஊன்றுகோலை எடுத்து ஊன்றி இறங்கினான். உடம்பு பெருத்திருந்தான். மடங்காத காலை ஸ்கூட்டரின் ஓரத்தில் நீட்டிக்கொண்டு வந்திருக்கிறான், செருப்பு ரோட்டில் உரசித் தேய்ந்திருந்தது.

"இந்தக் காலு வெச்சிக்கறதுக்கு ஒரு ரெஸ்ட் மாதிரி போட்டுத் தர முடியுமாக்கா? முன்னாடி நீட்டிக்கினு இருக்கற மாதிரி. விழுப்புரத்துல கேட்டா யாரும் சரியாப் பண்ணித் தர மாட்டேங்கறாங்க."

நான் ஸ்டூலைப் போட்டேன். உட்கார்ந்தான். காலின் நீளத்தை, ஸ்கூட்டர் தரையிலிருந்து குதிகால் உயரத்தை அளந்தேன். அளந்துகொண்டே இருக்கும்போது தலை நிமிராமல் சொன்னேன்.

"அந்த பிராக்கெட்ல நான் ஓட்டை போடல."

"தெரியும்க்கா."

நிமிர்ந்து பார்த்தேன்.

"அண்ணன் டிரில் போடறப்போ நான்தான்க்கா அந்த பீஸப் புடிச்சிக்கினு இருந்தேன்," என்றான். "நீங்க சிவப்பு மையில எழுதி இருந்தத நானும் பாத்தேன். இன்னா ஆயிடப் போவுதுன்னு விட்டுட்டோம்."

"அப்புறம் ஏன்டா ஒரு வார்த்த சொல்லல? அம்மாகிட்டயாவது?"

அவன் ஊன்றுகோலின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "அண்ணன் வீட்லதான சாப்பிடறேன். கல்லாவுல என்னைத்தான் உக்கார வெச்சிருக்காரு. அண்ணிகிட்டருந்து ஒரு சத்தம் வரவிடாம பாத்துக்கறாரு. நான் இன்னாத்தச் சொல்றது, சொல்லுங்க."

அப்போது நான் நிறுத்தியிருக்கலாம். அவன் எனக்குக் கடன்பட்ட மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்படியே விட்டிருந்தால் அவன் கண்ணில் நான் ஏமாற்றப்பட்ட அக்காவாகவே இருந்திருப்பேன். ஆனால் சாமியார் கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

"அன்னிக்குக் காலையில கூட்டேரிப்பட்டுல நான் அந்த ஓட்டையப் பாத்தேன்," என்றேன். "நீ வண்டில ஏறறதுக்கு முன்னாடியே பாத்தேன். உங்கண்ணன்கிட்ட சண்ட போட்டேன். உன்கிட்ட சொல்லல."

லேத் ஓடவில்லை. ரோட்டில் பஸ் போகிற சத்தம்தான். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் கோபம் தெரிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் நெனச்சேன்," என்று மெதுவாக ஆரம்பித்தான். "எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீங்க பாத்திருந்தா நிறுத்தியிருப்பீங்கன்னு. ஆஸ்பத்திரில படுத்துக்கினு அதையே நெனச்சிக்கினு இருப்பேன். அக்கா கண்ணுல மட்டும் பட்டிருந்துதுன்னா விட்டிருக்க மாட்டாங்கன்னு."

மன்னிச்சுக்கோ என்று வாயில் வந்தது, வெளியே வரவில்லை. அளவு நாடாவைச் சுருட்டினேன்.

அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. வந்த காரியம் முடிய வேண்டும், விழுப்புரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். "எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டான். இரண்டு மணி நேரம் என்றேன். ஸ்டூலிலேயே உட்கார்ந்து, சுவரோரம் சாய்ந்து, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இரும்புப் பட்டையை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, குதிகால் நழுவாமல் இருக்க ஒரு விளிம்பும் வைத்தேன். முனையெல்லாம் உருட்டினேன். ஸ்கூட்டரில் மாட்டி போல்ட்டை முறுக்கினேன். நடுவில் டீக்கடைப் பையனை டீ கொண்டு வரச் சொன்னேன், குடித்தான்.

அவன் ஊன்றுகோலை ஊன்றி வந்து, குனிய முடியாமல் ஓரமாகச் சாய்ந்து பார்த்தான். ஊன்றுகோலின் நுனியால் அந்தப் பட்டையை இரண்டு தட்டுத் தட்டினான்.

"ஒடையாதுல்லக்கா?"

அவன் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் அந்த ரெஸ்டின் மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி, ஸ்கூட்டர் சீட்டைப் பிடித்துக்கொண்டு, என் முழு எடையும் அதில் விழுகிற மாதிரி நின்றேன். இரண்டு முறை குதித்துக்கூடப் பார்த்தேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவன் சரி என்று தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தான். காலை இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டான். போயிட்டு வர்றேன் என்று சொல்லாமலே கிளம்பிவிட்டான்.

அந்த இத்தாலி வண்டி கோயம்புத்தூர் பக்கம் யாருக்கோ விலையாகிப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என் சிநேகிதன் அதே மாதிரி இன்னொன்று செய்துகொண்டிருக்கிறானாம். தம்பி அதற்குப் பிறகு என் பட்டறைப் பக்கம் வரவில்லை.